கரையைத் தேர்ந்தெடுத்த படகுகள்

1997 ஜனவரி 14 அன்று காலை, வட கேரளத்தின் வடகரைக் கடற்கரையில் 11 படகுகளின் மீனவர்கள் பிடித்து வந்த மத்தி மீனை வாங்க ஆளில்லாமல் கொட்டிவிட்டுப் போனார்கள். அதே வேளையில் 15 கிலோமீட்டர் தொலைவுக்குள் இருந்த மற்றக் கரைகளில் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்பும் நிலையில் இருந்தார்கள். ஒரே கடலோரத்தில், ஒரே காலையில், ஒரு பக்கம் மீன் வீணாக, இன்னொரு பக்கம் மீனுக்குப் பஞ்சம். இப்படிப்பட்ட காலைகள் அந்தக் கரைக்குப் புதியவை அல்ல. ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் 1996 செப்டம்பரிலிருந்து அந்தக் கரைகளில் வாரந்தோறும் கணக்கெடுக்க ஏற்பாடு செய்திருந்ததால் இந்தக் காலை எண்ணிக்கையோடு பதிவாகிவிட்டது. சரியாக 15 நாள் கழித்து, ஜனவரி 29 அன்று, கோழிக்கோட்டுக் கரையில் செல்பேசிச் சேவை வந்தது. 2007இல் வெளியான அவருடைய ஆய்வுக் கட்டுரை, செல்பேசியைப் பற்றி உலகில் அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட ஆய்வுகளில் ஒன்றாயிற்று. தகவல் கையில் வந்தால் சந்தை தானே சீராகிவிடும் என்பதற்கு அது சான்றாகவே இன்றுவரை எடுத்துக்காட்டப்படுகிறது. அந்த ஆய்வின் எண்களை நான் ஏற்கிறேன். ஆனால் அதிலிருந்து எடுக்கப்பட்ட பாடத்தில் பாதி விடுபட்டுப் போயிற்று என்று கருதுகிறேன். விடுபட்ட பாதி, செல்பேசிக் கோபுரங்கள் எழுவதற்கு முந்தைய கேரளக் கடற்கரையின் வரலாற்றில் இருக்கிறது.

செல்பேசி அங்கே மீனவரை நினைத்து வரவில்லை. 1994இன் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை தனியார் நிறுவனங்களுக்கு வழி திறந்துவிட்ட பிறகு நாடு வட்டம் வட்டமாகப் பிரிக்கப்பட்டு உரிமங்கள் ஏலம் போயின. கேரளத்தின் முதல் செல்பேசி அழைப்பை 1996 செப்டம்பரில் கொச்சியில் பேசியவர் தகழி சிவசங்கரப் பிள்ளை. மீனவர் வாழ்வை ‘செம்மீன்’ நாவலில் எழுதியவர். அதைச் சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பில் தமிழர்களும் படித்திருக்கிறார்கள். அவர் பேசிய அந்த அழைப்பு ஒரு விழா நிகழ்ச்சி. அன்றைக்குச் செல்பேசி வசதியுள்ளவர்களின் பொருள். இந்தியாவில் அது அறிமுகமான ஆண்டுகளில் நிமிடத்துக்கு 8 ரூபாய் 40 காசு முதல் 16 ரூபாய் 80 காசு வரை கட்டணம் இருந்தது. வரும் அழைப்புக்கும் காசு கொடுக்க வேண்டும். அழைப்பவரே செலுத்தும் முறை 2003 மே மாதத்தில்தான் வந்தது. கோபுரங்கள் நகரங்களுக்காகவும் நெடுஞ்சாலைக்காகவும் எழுந்தன. வட கேரளத்தின் நகரங்களும் நெடுஞ்சாலையும் கடலை ஒட்டியே இருப்பதால் கோபுரங்களும் கடலோரமாகவே நின்றன, அவற்றின் வானலைகள் 20, 25 கிலோமீட்டர் வரை கடலுக்குள்ளும் எட்டின. மத்தி பிடிக்கும் படகுகள் பெரும்பாலும் அந்தத் தொலைவுக்குள்தான் வலை போட்டன. யாரும் திட்டமிடாத இந்தப் பொருத்தத்தால்தான், கரை சேர்வதற்கு முன்பே கரையோடு பேசுவது மீனவருக்கு முதன்முறையாக இயன்றது.

அதற்கு முன் மத்தி வியாபாரம் எப்படி நடந்தது என்பதைப் பார்த்தால்தான் இந்த மாற்றத்தின் அளவு புரியும். நம் குமரிக் கரையில் சாளை எனப்படும் இந்த மீன் கேரளத்து எளிய வீடுகளின் அன்றாடக் கறி. கூட்டம் கூட்டமாகத் திரிவதால் ஒரு கரைக்கு எதிரே மீன்பாடு குவியும், அடுத்த கரையில் வலை வெறுமையாக ஏறும். எண்ணெய்ச் சத்து மிகுந்த மீன். பிடித்த சில மணி நேரத்தில் விற்றாக வேண்டும். 1950களின் தொடக்கத்தில் நீண்டகரையில் தொடங்கிய இந்திய–நார்வே திட்டத்தைத் தொடர்ந்து கேரளக் கடற்கரைக்கு விசைப்படகும் பனிக்கட்டியும் குளிர்பதனக் கிடங்கும் வந்தன என்பது உண்மை. ஆனால் அவற்றின் பெரும்பங்கு ஏற்றுமதிக்குப் போகும் இறாலுக்குப் போயிற்று. ஏழையின் மீனுக்குப் பனிக்கட்டிச் செலவு கட்டுப்படியாகவில்லை. விடியற்காலையில் கரையோர ஏலம் தொடங்கும், சில மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒரு கரைக்கும் அடுத்த கரைக்கும் சராசரி இடைவெளி 15 கிலோமீட்டர். கரைக்கு வந்து விலை விழுந்திருப்பதைப் பார்த்த பிறகு அடுத்த கரைக்குப் படகைச் செலுத்தினால் எரிபொருள் செலவாகும். போய்ச் சேரும்போது ஏலம் முடிந்திருக்கும். அங்கும் விலை நன்றாக இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அதனால் ஏறக்குறைய எல்லாப் படகும் சொந்தக் கரையிலேயே விற்றது. வந்த விலைக்குக் கொடுத்தார்கள். வாங்க ஆளில்லையென்றால் கொட்டினார்கள்.

ஜென்சனின் ஆய்வு இந்தக் கரையை அளந்த முறை எளிமையானது, அதனாலேயே வலிமையானது. காசர்கோடு, கண்ணூர், கோழிக்கோடு ஆகிய மூன்று மாவட்டங்களில் 15 கரைகள், 300 படகுகள், 2001 மே வரை ஏறத்தாழ ஐந்து ஆண்டுக் கணக்கு. செல்பேசி மூன்று பகுதிகளுக்கும் ஒரே நாளில் வரவில்லை: கோழிக்கோட்டுக்கு 1997 ஜனவரியில், கண்ணூருக்கு 1998 ஜூலையில், காசர்கோட்டுக்கு 2000 மே மாதத்தில். கடல் ஒன்று, மீன் ஒன்று, பருவம் ஒன்று. கோபுரம் வந்த நாள் மட்டும் வேறு. ஓரிடத்தில் மாறி மற்ற இரண்டில் மாறாதது எதுவோ, அதைக் கோபுரத்தின் விளைவு என்று துணிந்து சொல்லலாம். முடிவுகள் அவ்வளவு தெளிவாக வந்தன. செல்பேசிக்கு முன் அன்றாட மீன்பாட்டில் 5 முதல் 8 சதவீதம் வீணாயிற்று. பிறகு வீணாவது அநேகமாக நின்றேபோயிற்று. ஒரே காலையில் கரைக்குக் கரை விலை வேறுபடும் அளவு, சராசரி விலையோடு ஒப்பிட, 60, 70 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாகவும் அதற்குக் குறைவாகவும் சுருங்கியது. அதுவரை சொந்தக் கரையை விட்டு நகராத படகுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒவ்வொரு நாளும் வேறு கரையில் விற்கத் தொடங்கின. மீனவரின் ஆதாயம் சராசரியாக 8 சதவீதம் கூடிற்று, வாங்குபவரின் விலை 4 சதவீதம் குறைந்தது. செல்பேசி வாங்கிய படகுகளுக்கு ஆதாயம் அதிகம். வாங்காதவர்களுக்கும் ஓரளவு கிடைத்தது. ஏறத்தாழ இரண்டு மாத வருமானக் கூடுதலில் கருவியின் செலவு திரும்பி வந்துவிட்டது. சில ஆண்டுகளிலேயே 60 முதல் 75 சதவீதப் படகுகளில் செல்பேசி இருந்தது. விற்பவனும் வாங்குபவனும் ஒரே மாற்றத்தால் பயனடைவது பொருளியல் வரலாற்றில் அரிது. அதை ஒரு வரைபடத்தில் கண்ணால் காணும்படி காட்டியதுதான் இந்த ஆய்வின் பெருமை.

இதன் பிறகு உலகம் எடுத்துக்கொண்ட பாடம் சுருக்கமானது: ஏழை உற்பத்தியாளருக்குக் குறைவது விலைத் தகவல், அதைக் கொடுத்தால் போதும். உழவருக்குக் குறுஞ்செய்தியில் சந்தை விலை அனுப்பும் சேவைகள் பல நாடுகளில் தொடங்கின. அப்படிப்பட்ட ஒரு சேவையை மகாராஷ்டிரத்தின் 100 கிராமங்களில் மார்செல் ஃபாஃப்சாம்ப்ஸ், பார்ட் மின்டன் என்ற இரு ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்து 2012இல் வெளியிட்டார்கள். உழவருக்குக் கிடைத்த விலையில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் அவர்களுக்குத் தென்படவில்லை. ஆப்பிரிக்காவின் நைஜரிலோ ஜெனி ஏக்கர் செய்த ஆய்வில், 2001க்கும் 2006க்கும் இடையில் செல்பேசி வந்த தானியச் சந்தைகளுக்கிடையே விலை வேறுபாடு 10 முதல் 16 சதவீதம் வரை குறைந்தது. அங்கே செல்பேசியைப் பயன்படுத்தி வேறு சந்தையைத் தேடிப் போனவர்கள் தானிய வியாபாரிகள். ஏற்கெனவே ஊர் ஊராகப் போய்வந்தவர்கள், லாரி பிடிக்கப் பணம் உள்ளவர்கள். மூன்று இடத்திலும் விலைத் தகவல் கிடைத்தது. இரண்டு இடத்தில் விலை அசைந்தது, ஓரிடத்தில் அசையவில்லை. அசைந்த இரண்டு இடத்திலும், கேட்டவர் கேட்ட அந்த நேரத்தில் சரக்கோடு திசை மாறக்கூடியவராக இருந்தார். கோழிக்கோட்டுப் படகு கடலில் இருக்கிறது, எஞ்சின் ஓடுகிறது, மீன் மடியில் கிடக்கிறது, வடக்கே திரும்புவதா தெற்கே திரும்புவதா என்பது மட்டும்தான் கேள்வி. அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் உரிமை படகில் இருந்தவர்களிடம் இருந்தது. செல்பேசி அந்த உரிமைக்குக் கண் கொடுத்தது. உரிமையை அது உண்டாக்கவில்லை என்பதே என் வாதம்.

அந்த உரிமை எங்கிருந்து வந்தது? துடுப்பும் பாயும் இருந்த காலத்தில் காற்றும் நீரோட்டமும் விடும் கரைதான் கரை. 1980களில் வெளியே பொருத்தும் எஞ்சின் கேரளத்து வள்ளங்களில் பரவியது. அதே பத்தாண்டின் நடுவில், நாம் சுருக்குமடி என்று சொல்வதற்கு நெருங்கிய உறவான ரிங் வலை வந்தது. முப்பது நாற்பது பேர் சேர்ந்து போகும் பெரிய வள்ளங்கள், கூட்டாக முதல் போட்டு வாங்கிய வலைகள், ஒரே வீச்சில் டன் கணக்கில் மீன். எரிபொருள் செலவழித்து இன்னொரு கரைக்குப் போவதற்குத் தகுந்த அளவு மீன் ஒரே படகில் சேர்ந்தது அப்போதுதான். இந்தக் கருவிகளை வாங்கும் பணம் யார் கொடுத்தது என்பது அடுத்த கேள்வி. கேரளத்து மீனவர் நெடுங்காலமாக ஏலக்காரரிடமும் தரகரிடமும் முன்பணம் வாங்கி, அதற்கு ஈடாகத் தம் மீனை அவர் வழியாகவே விற்கக் கட்டுப்பட்டிருந்தார். திருவனந்தபுரத்துக்கு அருகில் மரியநாடு என்ற சிற்றூரில் 1960களின் இறுதியில் மீனவர்கள் ஏலத்தைத் தாங்களே நடத்தத் தொடங்கினார்கள். அன்றாட விற்பனையில் ஒரு சிறு பங்கைப் பிடித்துக் கடனை அடைத்து, இன்னொரு பங்கைச் சேமிப்பாக்கும் முறையை அந்தச் சங்கம் வளர்த்தது. அதன் வழியில் 1980இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு உருவாகி, பின்னர் குமரி மாவட்டத்துக் கரைகளையும் சேர்த்துக்கொண்டது. 1984இல் அரசு சார்பில் மத்ஸ்யஃபெட் என்ற மீனவர் கூட்டுறவுக் கூட்டமைப்பு வந்து எஞ்சினுக்கும் வலைக்கும் கடன் கொடுத்தது. இழுவைப் படகுகளுக்கு எதிராக 1980களில் மீனவர் நடத்திய தொடர் போராட்டங்களும், அவற்றின் பயனாக 1988இல் தொடங்கிய மழைக்கால இழுவைத் தடையும், தங்கள் தொழிலைத் தாங்களே முடிவு செய்ய வேண்டும் என்ற எண்ணத்தைக் கடற்கரையில் வேரூன்றச் செய்தன. கோபுரங்கள் வந்தபோது அந்தக் கரையில் எஞ்சின் இருந்தது, கூட்டு உடைமை இருந்தது, தரகரைத் தாண்டிக் கடன் பெறும் வழியும் ஓரளவு இருந்தது.

இதற்கு வலுவான ஒரு மறுப்பு உண்டு. எஞ்சினும் சங்கமும் கூட்டு வலையும் பத்துப் பதினைந்து ஆண்டு முன்பே வந்துவிட்டன. ஆனாலும் 1997 ஜனவரியில் மீன் கொட்டப்பட்டது. கோபுரம் வந்த சில மாதங்களில் நின்றுபோயிற்று. கண்ணூரிலும் காசர்கோட்டிலும் அதே எஞ்சின், அதே வலை, ஆனால் கோபுரம் வரும்வரை மாற்றமில்லை. பிறகு பழைய வரலாற்றுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். கோபுரம் இல்லாமல் இந்த மாற்றம் வந்திராது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஜென்சன் ஒப்பிட்ட மூன்று பகுதிகளும் மற்ற எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒன்றுபோல இருந்தவை. அவருடைய முறைக்கு அது தேவை. எனவே அந்த மற்றவை இல்லாவிட்டால் கோபுரம் என்ன செய்திருக்கும் என்ற கேள்விக்கு அந்த ஒப்பீட்டுக்குள் விடை கிடைக்காது. கோபுரம் வந்தும் சூழல் வேறாக இருக்கும் கரைகளுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். ஜானகி சீனிவாசனும் ஜென்னா பரலும் அதைத்தான் செய்தார்கள். கேரளக் கடற்கரையின் வேறு வேறு ஊர்களில் தங்கி, மீனவர்கள் செல்பேசியில் உண்மையில் என்ன பேசுகிறார்கள் என்று கவனித்து 2013இலும் 2015இலும் எழுதினார்கள். விலை விசாரித்துக் கரை மாறுவது குறிப்பிட்ட வகைப் படகுகளுக்கும் குறிப்பிட்ட விற்பனை முறைக்கும் உரியது, கேரள மீனவர் அனைவருக்கும் பொதுவானதல்ல என்று அவர்கள் கண்டார்கள். கடனாலும் வழக்கத்தாலும் ஒரே கரைக்கு, ஒரே ஏலக்காரருக்குக் கட்டுப்பட்டவருக்கு அடுத்த கரையின் விலை தெரிவதால் ஆவது கொஞ்சம்தான். அவர் செல்பேசியில் பேசுவது மீன் எங்கே கூடியிருக்கிறது, எந்தப் படகுக்கு உதவி வேண்டும், வீட்டில் எல்லாரும் நலமா என்பதை. இவையெல்லாம் பெரிய பயன்கள். அவற்றை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அவற்றால் மீன் விலை சமனாகாது.

இன்னொரு மறுப்பும் வரும்: செல்பேசி தரும் கூடுதல் வருமானத்தாலேயே மீனவர் கடனிலிருந்து விடுபட முடியாதா? கட்டுப்பட்டவரையும் காலப்போக்கில் கருவியே விடுவித்துவிடாதா? ரூபன் ஆபிரகாம் 2007இல் கேரள மீன் வணிகத்தின் பல கண்ணிகளில் உள்ளவர்களிடம் விசாரித்துச் செய்த ஆய்வும், செல்பேசி அலைச்சலையும் நட்ட அபாயத்தையும் குறைத்தது என்றே சொல்கிறது. சிறு படகுக்கு இது ஓரளவு நடந்திருக்கக் கூடும். ஆனால் ரிங் வலைப் படகுகளின் வரலாறு எதிர்த்திசையில் போயிற்று. வலை நீண்டது, எஞ்சினின் குதிரைத்திறன் ஏறியது, முதலீடு லட்சங்களைத் தாண்டியது. முதலீடு பெருகிய அளவுக்குக் கடனும் பெருகியது. கடன் கொடுத்தவரின் பிடியும் இறுகியது. கடன் கொடுத்தவர் கையிலும் செல்பேசி உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது. எந்தத் துறைமுகத்துக்கு மீனைக் கொண்டுவர வேண்டும் என்று கடலில் இருக்கும் படகுக்கு இப்போது அவரும் சொல்ல முடியும்.

என் வாதத்துக்கு நான் அறிந்த மிக நல்ல சான்று ஜென்சனிடமிருந்தே, பதினோரு ஆண்டு கழித்து வந்தது. நோலன் மில்லரோடு சேர்ந்து அவர் 2018இல் வெளியிட்ட ஆய்வு அதே கடற்கரையின் படகு கட்டும் தச்சர்களைப் பற்றியது. செல்பேசிக்கு முன் மீனவர் தம் ஊர்த் தச்சரிடமே படகு வாங்கினார். அடுத்த ஊர்த் தச்சர் கட்டும் படகு எத்தனை ஆண்டு உழைக்கும் என்று அவருக்குத் தெரியாது. தச்சர்களின் திறமையிலோ பெரிய ஏற்றத்தாழ்வு இருந்தது. மீன் விற்கக் கரை கரையாகப் போகத் தொடங்கிய பிறகு, அங்கே கட்டிக்கிடந்த படகுகளைப் பார்த்தார்கள், அந்த ஊர்க்காரர்களோடு பேசினார்கள். எந்தத் தச்சரின் படகு நெடுநாள் உழைக்கிறது என்பது தெரியவந்தது. நல்ல தச்சர்களின் பட்டறைகள் வெளியூர் ஆர்டர்களால் பெருத்தன. வேலையைப் பிரித்துச் செய்ததால் உற்பத்தித் திறன் கூடிற்று. தரம் குறைந்த பல பட்டறைகள் மூடப்பட்டன. மூடியவர்களின் இழப்பு மெய்யான இழப்பு, ஆதாயக் கணக்கில் அதுவும் சேர வேண்டும். இந்த மாற்றத்துக்கு வழி விட்டது படகுகளின் நடமாட்டம்தான். மீனவர்கள் வேறு கரைகளில் கால் வைத்ததால் படகைப் பற்றிய அறிவு தானாக வந்து சேர்ந்தது. கரையோடு கட்டுண்ட படகு ஆயிரம் அழைப்பு பேசியிருந்தாலும் இது நடந்திராது.

கருவியின் எல்லைகளையும் அதே கடல் காட்டியது. கோபுரத்தின் அலை எட்டுவது கரையோரத் தொழிலுக்கு மட்டும். நாள்கணக்கில் ஆழ்கடலில் தங்கிச் சூரையும் சுறாவும் பிடிக்கும் குமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பகுதி மீனவர்களுக்கு அது ஒருநாளும் போதவில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது கரையில் தெரிந்த செய்தி அவர்களை எட்டவில்லை, குமரியும் திருவனந்தபுரமும் தம் ஆட்களைக் கடலுக்குப் பறிகொடுத்தன. மத்தியின் வரத்தையும் எந்தச் சந்தை ஏற்பாடும் காக்கவில்லை. 2012இல் கேரளத்தில் கிட்டத்தட்ட 4 லட்சம் டன் கிடைத்த மீன், மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் 3,300 டன்னுக்கும் கீழே போயிற்று. கடல்நீர் வெப்பநிலை மாற்றம், குஞ்சு மீனைப் பிடித்தல் என்று காரணங்களை அறிஞர்கள் விவாதிக்கிறார்கள். செல்பேசியை இதற்குக் குற்றம் சாட்ட முடியாது. ஆனால் மீன் கூடிய இடத்தை நொடியில் எல்லாப் படகுக்கும் சொல்லும் கருவி, விற்பனையை மட்டுமல்லாமல் வேட்டையையும் விரைவாக்குகிறது என்பதை விலை சமனான கதையோடு சேர்த்தே சொல்ல வேண்டும்.

2020இல் கேரள அரசு மீன் ஏலத்தையும் விற்பனையையும் தரத்தையும் முறைப்படுத்த ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு அது முழுச் சட்டமாயிற்று. ஏலம் நடத்துபவர் அனுமதி பெற வேண்டும், தரகுக்கு உச்சவரம்பு வேண்டும் என்று அது வகுத்தது. அப்போது கேரளக் கடற்கரையில் செல்பேசி இல்லாத படகைத் தேடினாலும் கிடைத்திருக்காது; கோழிக்கோட்டில் முதல் கோபுரம் வந்து 23 ஆண்டு ஆகியிருந்தது. மரியநாட்டு மீனவர்கள் 1960களில் கையில் எடுத்த வேலையை, அத்தனை ஆண்டுக்குப் பிறகும், சட்டமன்றம் சட்டம் இயற்றித் தொடர வேண்டியிருந்தது.